பணியாளர் நிலையை அறியும் வழி

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விளைச்சல் குன்றினால் பயிரை நொந்து பயனில்லை என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள். ஆனால், தெருவில் குப்பை தேங்கினாலோ, குடிநீர் வரத் தாமதித்தாலோ, நாம் முதலில் பணியாளரையே கடிந்துகொள்கிறோம். அவர் எந்நிலையில் வேலை செய்கிறார் என்று விசாரிப்பதில்லை. அவர் வந்தாரா என்பதை மட்டுமே வருகைப் பதிவேடு கூறும்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில், விளக்கொளியை மிகுத்தால் உற்பத்தி மிகுமா என்று காண 1924-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. ஒளியைக் குறைத்தபோதும் உற்பத்தி உடனே தாழ்ந்துவிடவில்லை. இதன் காரணம் பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பின்னர் 1928 முதல் 1930 வரை அங்கு 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை நேரில் கண்டு பேசினர். முதலில், வகுத்து வைத்த வினாக்களையே கேட்டனர். தொழிலாளரோ தம் மனத்திலிருந்த வேறு செய்திகளைச் சொல்ல விழைந்தனர். ஆகவே வினாக்களை ஒதுக்கிவிட்டு, அவர்கள் கூறுவதைச் செவிமடுக்கத் தொடங்கினர். நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே.

பெரிய ஆலைகளில் பெயரில்லா வினாத்தாள் அளித்து மதிப்பெண் பெறலாம். ஐந்தாறு பேரே பணிபுரியும் ஊராட்சியில், எழுதியவர் யாரென்பது கையெழுத்திலேயே தெரிந்துவிடும். எனவே நமக்கு இரு வழிகள் உள்ளன.

முதலாவது, எண்ணக்கூடியவற்றை எண்ணுதல். ஊதியம் எத்தனை நாள் பிந்திக் கிடைத்தது? கையுறை கடைசியாக எப்போது வழங்கப்பட்டது? குப்பை வண்டி எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது? தொட்டி இயக்குபவர் விடுப்பெடுத்தால் மாற்றாள் உண்டா? இவற்றை மாதந்தோறும் குறித்து வாருங்கள்.

இரண்டாவது, கேட்டறிதல். தூய்மைக் காவலரை, மேற்பார்ப்பவர் இல்லாத இடத்தில் அமரச் செய்து, "வேலையில் தங்களுக்கு மிகவும் இடையூறாயிருப்பது எது?" என்று கேளுங்கள். வயதில் மூத்த அவரை ஊரார் ஒருமையில் அழைப்பதே அவருடைய குறையாக இருக்கக்கூடும். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சொன்னவர் பெயரை வெளியிடாதீர்கள். அவருக்குத் தீங்கு நேர்ந்தால், மறுமுறை "குறையொன்றுமில்லை" என்ற விடையே கிடைக்கும்.

கேட்டபின் ஒரு குறையையேனும் தீர்த்தல் வேண்டும். தீர்க்க இயலாததற்குக் காரணம் கூறல் வேண்டும். தொழிலாளர் தினமாகிய மே 1-இல் கூடும் கிராம சபையில், எண்ணிக் குறித்தவற்றைப் படித்துக் காட்டுங்கள்.

நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்கும் உழவர்களுக்கும் இம்முறை பொருந்தும். நடவுக்கு வந்தவர்கள் அடுத்த ஆண்டு ஏன் வரவில்லை என்பதை, அவர்களையே கேட்டறிவீர்களாக.