பழைய காரும் குடும்பக் கணக்கும்



லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் அது துரையுடைய கார்தான். மற்றவர்களுக்குச் சைக்கிள், இல்லையென்றால் பட்டணத்து பஸ். பிறகு பழைய டட்சன் 120 ஒய் கார்கள் ஒன்றிரண்டு லயத்து வாசலில் நிற்கத் தொடங்கின. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. சாகா என்பது மஞ்சாடி விதைக்கு மலாய்ப் பெயர்; நம் தட்டார்கள் பொன் நிறுத்த அதே சிவப்பு விதை. மிட்சுபிஷி வடிவமைத்த 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த அந்தக் கார், கைமாறிக் கைமாறி, சில ஆண்டுகளில் நம்மவர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் மூன்று கை மாறிய சாகாதான். வாங்கிய நாள் முதல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. காலையில் ஒரு குவளை ஊற்றுவேன். பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மூச்சுத் திணறல். செகாமட் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. “மச்சான், இன்னும் கொஞ்ச தூரந்தான், ஓட்டுங்க” என்றார் மைத்துனர். நானும் ஓட்டினேன். சற்று நேரத்தில் வெள்ளைப் புகை தள்ளி, வண்டி நின்றுவிட்டது. அவ்வழியே வந்த செம்பனைக் குலை லாரிக்காரர்தான் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். அம்மா பிழைத்துக்கொண்டார். காருக்கான செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. காரணம், வெடித்துப்போன ஒரு ரப்பர்க் குழாய். அதன் விலை சில வெள்ளிதான்.

அது ஏன் அவ்வளவு செலவில் முடிந்தது? எஞ்சினின் உடல் இரும்பு; மேலே மூடியிருக்கும் தலை அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அளவு மீறினால் தலை வளைந்து, இரண்டுக்கும் இடையில் உள்ள கேஸ்கெட் பிய்ந்துவிடும். தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். அப்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். ஆகவே முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி, ஒரு மணி பொறுத்திருக்கத்தான் வேண்டும். நோயாளியை வேறு வண்டியில் அனுப்புங்கள்.

நம் செம்மண் சாலைக்கு இன்னொரு வியாதி உண்டு. சாகா முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. அந்த அச்சின் மூட்டுகளை மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அது நாம் சீவும் பாலில் செய்த ரப்பர் அல்ல. மசகு பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும் என்பதால் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். கல் பட்டு உறை கிழிந்தால் மணல் உள்ளே புகும். பிறகு வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வரும். சத்தம் வருமுன் குனிந்து பார்த்தால் உறை மட்டும் மாற்றினால் போதும். வந்த பிறகு பார்த்தால் மூட்டையே மாற்ற வேண்டும்.

எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒன்று ஓடுகிறது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி நாசமாகும். பழைய டட்சனில் அந்த இடத்தில் சங்கிலி இருந்தது. பெல்ட்டை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது கார்ப் புத்தகத்தில் இருக்கும். பழைய கார் விற்பவரிடம் மாற்றிய சீட்டு இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

வாங்கப் போகும்போது காலையிலேயே போங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், எனக்குச் சந்தேகம் வரும். பெயர் மாற்றத்துக்குச் செய்யும் பரிசோதனை, வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்றுதான் பார்க்கும். எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். 2006 டிசம்பரில் செகாமட் வட்டாரத்தில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். நீரில் மூழ்கிய காரைத் துடைத்து விற்பவர்களும் உண்டு. இருக்கைக்கு அடியில் சேறும் துருவும் காட்டிக்கொடுக்கும். உங்கள் காரே மூழ்கிவிட்டால் சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் காற்றைப்போல அமுங்காது; உள்ளே புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அந்தச் சம்பவத்துக்குப் பின் காரின் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டார். மைலோ டின்னில் மாதம் ஒரு தொகை. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். என்று எண்ணெய் மாற்றியது, என்று தண்ணீர் குறைந்தது, பட்டறைத் தவுக்கே எவ்வளவு வாங்கினார், எல்லாம் அதில் இருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வரவும் என்னைப் பழக்கினார். முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அந்தச் சாகா பிறகு ஒன்பது ஆண்டு ஓடியது. விற்கும்போது வாங்க வந்தவர் காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். புத்தகத்தையும் சேர்த்துத் தருவீர்களா என்றுதான் கேட்டார்.