புயல் முடிந்த மறுநாள் கரையில் நிற்பவர் யார்?

டைனோசர் என்ற பெயரை ரிச்சர்ட் ஓவன் உண்டாக்கியது 1842-இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னமே இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு பழங்கால ஊர்வன விலங்கு வெளியே வந்துவிட்டது. 1811-இல் அதன் மண்டையோட்டைக் கண்டவர் ஜோசப் ஆனிங். மறு ஆண்டு மீதி எலும்புகளைத் தேடிப்பிடித்தவர் அவருடைய தங்கை மேரி, ஒரு சிறுமி. தச்சரான தகப்பனார் கடனை வைத்துவிட்டு இறந்துபோயிருந்தார். புதைபடிவங்களை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த விலங்குக்குப் பின்னால் இக்தியோசார் என்று பெயர் வந்தது. 1823-இன் கடைசியில் மேரி பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டையே எடுத்தார். கழுத்தின் நீளத்தைக் கண்டு, இது ஒட்டுவேலையோ என்று பாரிஸின் பேரறிஞர் குவியே சந்தேகப்பட்டார். பிறகு சரியென ஒப்புக்கொண்டார். 1824-இல் லண்டன் புவியியல் சங்கத்தில் புவியியலாளர் கோனிபியர் அதை விவரித்தபோது மேரியின் பெயரைச் சொல்லவில்லை.

பட்டமும் சம்பளமும் இல்லாத இப்படிப்பட்டவர்களின் கண்டுபிடிப்பை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கரையின் இயல்பை அறிந்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய செங்குத்துச் சரிவு அது. குளிர்காலப் புயலில் சரிந்து விழும். எலும்பு வெளியே தெரியும். விட்டுவைத்தால் அலையே அதை அரைத்துத் தின்றுவிடும். பல்கலைக்கழகப் பேராசிரியர் அனுமதியும் நிதியும் பெற்று வந்து சேரும்வரை கடல் காத்திருக்குமா? பக்கத்தில் வாழ்கிறவர், கல்லுக்கும் எலும்புக்கும் வேறுபாடு பழகிய கண்ணோடு, வாரந்தோறும் நடக்கிறவர்தான் அங்கே இருக்க முடியும். சாமர்செட் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். 2016-இல் லில்ஸ்டாக்கில் ஓர் ஆர்வலருக்குப் பெரிய தாடையெலும்பு ஒன்று துண்டுதுண்டாகக் கிடைத்தது. ஒற்றை எலும்பை வைத்துப் புது இனம் என்று சொல்ல அறிஞர்கள் துணியவில்லை. 2020-இல் புளூ ஆங்கரில் ஒரு தந்தையும் பதினொரு வயது மகளும் அதே தாடைப்பகுதியை, இன்னும் நல்ல நிலையில் கண்டார்கள். இரண்டிலும் ஒரே அடையாளங்கள். ஆகவே ஒரு விலங்கின் தனிக் கோணல் அல்ல என்று உறுதியாயிற்று. டீன் லோமாக்ஸ் குழுவினர் 2024-இல் அந்த இக்தியோசாருக்கு இக்தியோடைட்டன் என்று பெயர் வைத்தார்கள். நீளம் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்பது கணிப்பு. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கண்டெடுத்தவர்களின் பெயர்களும், அந்தச் சிறுமியுடையது உட்பட, இருக்கின்றன. தேடுவதோடு நிற்காதவர்களும் உண்டு: கிம்மரிட்ஜில் ஸ்டீவ் எட்சஸ் என்ற குழாய்ப் பணியாளர் பல ஆண்டுகளாகச் சேர்த்து, தானே சுத்தம் செய்து எடுத்த புதைபடிவங்கள் 2016-இல் ஓர் அருங்காட்சியகமே ஆயின.

வலுவான மறுப்பு வேறொன்று இருக்கிறது. எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் பெயர்த்தெடுத்த எலும்பு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது. பணத்துக்காகத் திரித்தவர்களும் இருந்தார்கள். 1834-இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய தாமஸ் ஹாக்கின்ஸின் சேகரிப்பில் குறைந்த பாகங்களைச் சாந்து பூசி நிரப்பியிருந்தது பெரிய வம்பாயிற்று. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேகரிப்புக்குத் தடை போட்டால் கடல் தின்பது நிற்கப்போவதில்லை. திருட்டுத்தனமாக எடுப்பது மட்டும் கூடும். லைம் ரீஜிஸ் இருக்கும் மேற்கு டார்செட் கண்ட வழி எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது: சரிந்து விழுந்ததை எடுக்கலாம், முக்கியமானதைப் பதிவு செய்ய வேண்டும், விற்பதானால் முதல் வாய்ப்பு அருங்காட்சியகங்களுக்கு. மேரியும் விற்றுத்தான் பிழைத்தார். விற்பனை அவருடைய கூர்மையைக் குறைத்துவிடவில்லை.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. திருச்சிராப்பள்ளி வட்டாரப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புகளைக் கொண்டு 1879-இல் லிடெக்கர் ஓர் இக்தியோசாருக்கு இந்தியாவின் பெயரை இட்டார். அதே வட்டாரத்தில் காரை என்ற ஊரின் ஓடைகளில் மழை அரித்த மண்ணை முதலில் மிதிப்பவர் ஆடு மேய்ப்பவரே. எலும்பையும் கல்லையும் பிரித்தறியும் பயிற்சியை அவருக்குக் கொடுக்கவும், அவர் கண்டதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும், அவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கவும் யார் முன்வருகிறீர்கள் என்பதை இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்கிறேன்.