அட்டைப்பெட்டிக்குள்ளே நிலா

இதயத்துக்கு எத்தனை அறை? நாலு. படம் வரைந்து சொல்லிக்கொடுத்தால் மனப்பாடம் ஆகிவிடும். அந்த அறைக்குள்ளேயே ஒரு நடை போய்விட்டு வந்தால்?

விர்ச்சுவல் ரியாலிட்டி அதைத்தான் செய்கிறது. இடது கண் பார்ப்பது ஒன்று, வலது கண் பார்ப்பது கொஞ்சம் வேறு. இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்வது மூளை. 1838-லேயே சார்லஸ் வீட்ஸ்டோன் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி இரண்டு படங்களை வைத்தே இதைக் காட்டிவிட்டார். 2014-ல் கூகுள் நிறுவனம், இந்த வித்தைக்கு ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு லென்ஸ், உள்ளே ஒரு செல்போன் போதும் என்றது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். பவளப்பாறையும் செவ்வாய்க் கிரகமும் வகுப்புக்கே வந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பெட்டி வேண்டாம். அவரை விதை முளைவிடுவதை ஈரப் பஞ்சில் வைத்துத் தொட்டே பார்க்கலாம். போகமுடியாத இடத்துக்குத்தான் பெட்டி. அதுவும் சின்னப் பிள்ளைகளுக்குச் சில நிமிஷம் போதும்.

இப்படித்தான் ஒரு பையன் நிலாவைச் சுற்றிவிட்டுப் பெட்டியைக் கழற்றினான். டீச்சர் கேட்டார்: "நிலாவிலே காற்றே கிடையாதுன்னு தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது டீச்சர்! எப்படி வேர்த்திருக்கு பாருங்க!"