சிப்பி ஓட்டில் ஒரு கரும்புள்ளி

கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணவர் சிலர் அவ்வப்போது என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறோம். எங்கே சேர்வது? என்ன பட்டம் வேண்டும்?" என்று வினவுவதுண்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று இருக்கிறது. இவற்றைச் சொல்லிவிட்டு, பட்டம் பெறுமுன்பே இத்துறையில் இறங்கிய ஒரு மாணவரின் வரலாற்றையும் சொல்லி அனுப்புவது என் வழக்கம். அதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1825ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்திலிருந்து 16 வயதுப் பிள்ளையாண்டான் ஒருவர், ஸ்காத்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு மருத்துவம் கற்க வந்து சேர்ந்தார். தந்தை மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். ஆகவே பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்பது வீட்டாரின் முடிவு. பிள்ளையின் முடிவு வேறாக இருந்தது. மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. குளோரோபாரம் அதே நகரத்தில் 1847இல்தான் பயனுக்கு வந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகளைப் பார்க்கச் சென்றவர், அவற்றுள் ஒன்று குழந்தைக்குச் செய்யப்பட்டது, முடியுமுன்பே வெளியே ஓடி வந்துவிட்டார். வகுப்பு விரிவுரைகளோ அவருக்கு உறக்கத்தையே தந்தன. புவியியல் விரிவுரைகளைக் கேட்ட பின்னர், வாழ்நாளில் அப்பொருள் பற்றிய நூல் ஒன்றையும் படிப்பதில்லை என்று உறுதி பூண்டாராம்! அந்த இளைஞர்தாம் சார்லஸ் டார்வின். பிற்காலத்தில் புவியியலிலும் நூல்கள் எழுதினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியர்கள் இதனைக் கேட்டுச் சற்று நாணமும் சற்று ஆறுதலும் கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் அவருக்கு இராபர்ட் கிராண்ட் என்னும் அறிஞரின் நட்புக் கிட்டியது. கிராண்ட் மருத்துவம் கற்றவர். ஆயினும் அவர் உள்ளமெல்லாம் கடற்பஞ்சுகளில் இருந்தது. எடின்பரோவை அடுத்துப் போர்த் என்னும் அகன்ற கடற்கழி உள்ளது. கடல் வற்றும் வேளையில் பாறைக் குட்டைகளில் தேங்கும் நீரில் என்னென்ன உயிர்கள் எஞ்சி நிற்கின்றன என்று தேடிக்கொண்டு இருவரும் நடந்தனர். நியூஹேவன் என்ற குப்பத்து மீனவர்கள் சிப்பி வாரச் செல்லும்போது டார்வின் அவர்கள் படகிலும் ஏறிக்கொண்டார். வலையில் வருவனவற்றில் மீனவர்க்கு வேண்டியது சிப்பி. இவருக்கு வேண்டியது அவர்கள் கழித்து எறியும் மிச்சம். அறுத்துப் பார்க்கும் பயிற்சி தமக்கு இல்லை என்றும், தம்மிடமிருந்த மைக்ராஸ்கோப் மிகவும் இழிந்தது என்றும் அவரே முதுமையில் எழுதியிருக்கிறார்.

அந்த இழிந்த கருவியைக் கொண்டு அவர் இரண்டு செய்திகளைக் கண்டார். சிப்பி ஓடுகளின்மேல் மிளகைப் போன்ற சிறு கரும்புள்ளிகள் ஒட்டியிருப்பதுண்டு. அவை ஒருவகைக் கடற்பாசியின் இளம் பருவம் என்று கருதியிருந்தனர். டார்வின் பார்த்தபோது அவை முட்டைக்கூடுகள். திருக்கையினத்து மீன்களின் உடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் ஓர் அட்டையின் முட்டைக்கூடுகள். (நம் கடற்கரையில் கடலட்டை என்று வழங்குவது வேறு பிராணி, அதனோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) மற்றொன்று புளூஸ்ட்ரா என்பது. பார்வைக்குப் பாசி போன்றது. உண்மையில் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழும் குடியிருப்பு. அதன் முட்டைகள் என்று கூறப்பட்டவை மெல்லிய மயிரிழைகளை அசைத்துத் தாமே நீந்துவதை டார்வின் கண்டார். நீந்துவது முட்டையன்று, இளவுயிர் என்பது அவர் கருத்து.

மகிழ்ச்சி தாங்காமல் அவர் கிராண்டிடம் ஓடினார். குரு பாராட்டுவார் என்று எண்ணிச் சென்ற மாணவருக்குக் கிடைத்த விடை, "இஃது என் ஆராய்ச்சிப் பொருள், இதில் நீ புகுந்தது முறையன்று, வெளியிட்டாயானால் வருந்துவேன்" என்னும் கருத்தினதாக இருந்தது. டார்வினின் மகள், தந்தை சொல்லக் கேட்டு எழுதி வைத்த குறிப்பிலிருந்து இதனை அறிகிறோம். 1827 மார்ச் 24ஆம் நாள் கிராண்ட், வெர்னீரியன் சங்கம் என்ற மூத்த அறிஞர் அவையில் புளூஸ்ட்ராவைப் பற்றியும் அட்டையின் முட்டைக்கூடுகளைப் பற்றியும் கட்டுரை படித்தார். மூன்று நாள் கழித்து, 27ஆம் நாள், பிளினியன் சங்கம் என்ற மாணவர் சங்கத்தில் 18 வயது டார்வின் தம் இரு கண்டுபிடிப்புகளையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு அச்சேறிய கிராண்டின் கட்டுரையில், அட்டையின் முட்டைக்கூடுகளைத் தந்துதவிய ஆர்வமிக்க இளம் நண்பர் என்று டார்வினுக்கு ஒரு வரி நன்றி இருந்தது. புளூஸ்ட்ராவுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

கிராண்டைக் கள்வர் என்று சொல்ல நான் ஒருப்படேன். கடற்பஞ்சின் முட்டைகள் நீந்துவதை அவர் முன்பே கண்டிருந்தார். புளூஸ்ட்ராவிலும் பல நாள் உழைத்திருந்தார். கடற்கரைக்கு அழைத்துச் சென்று கண்ணைத் திறந்துவிட்டவரும் அவரே. அவ்வாறிருந்தும் அந்த வாயிற்படியில் அவர் செய்தது சிறுமைதான். இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்; ஏனெனில் நானும் அதையே செய்தவன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மீனவச் சிறுவன் ஒருவன், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல வளைந்த ஒரு பொருளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். "சார், இது சங்குப்பூ. சங்கு இடுற முட்டை. உள்ளே அறை அறையாக இருக்கு, ஒவ்வொண்ணிலும் குட்டிச் சங்கு" என்றான். சவரத் தகட்டினால் ஒவ்வோர் அறையாகப் பிரித்து எண்ணியிருந்தான். நான் வியந்தேன். கண்காட்சிக்கு அனுப்பினேன். கண்ணாடிக் குப்பியின் கீழே அட்டையில் பள்ளியின் பெயரை எழுதினேன். பொறுப்பாசிரியர் என்று என் பெயரை எழுதினேன். "அறைகள் சுமார் 25" என்றும் எழுதினேன். பரிசு வந்தது. சிறுவன் கண்காட்சிக்கு வந்து அந்த அட்டையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தான். மீண்டும் ஒருமுறை வாசித்தான். ஒன்றும் கேளாமல் போய்விட்டான். அதன்பின் அவன் என்னிடம் எதையும் கொண்டு வரவில்லை. பத்தாம் வகுப்போடு தந்தையின் படகில் ஏறினான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவனைத் தேடிச் சென்று என் பிழையைச் சொன்னேன். நரை கண்டிருந்த அவன் சிரித்து, "அதெல்லாம் மறந்துபோச்சு, சார்" என்றான். பிறகு, விடைபெறும்போது, "நீங்க எழுதினது தப்பு, சார். 25 இல்லை, 28" என்றான்.

டார்வினின் கதவு அப்படி அடைபடவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்பதும் அதற்கு ஒரு காரணம். இதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் பட்டம் பெறாமலே எடின்பரோவை விட்டு நீங்கி, 1828இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே ஹென்ஸ்லோ என்ற பெருந்தன்மையுள்ள ஆசிரியரைப் பெற்றார். 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்டவர், சில நாட்களிலேயே நான்கடி ஆழமுள்ள துணிப்பை ஒன்றைத் தைத்துக் கப்பலின் பின்னே இழுத்துச் செல்லவிட்டு, கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாரி எடுத்தார். 1835இல் சிலி நாட்டுக் கரையோரத்தில், ஒரு சங்கின் ஓட்டைத் துளைத்து வாழும் குண்டூசித் தலையளவான கொட்டலசு அவர் கண்ணிற்பட்டது. கொட்டலசு நீங்கள் அறிந்ததே. படகின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டு மீனவர்க்குத் தொல்லை தருவது. அந்த ஒன்றை விளங்கிக்கொள்ளப் போய், 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசுகளையே அறுத்துப் பார்த்தார். வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்று, எல்லாத் தந்தையர்க்கும் இதுவே தொழில் என்று எண்ணி, அயல்வீட்டாரைக் குறித்து, "அவர் தம் கொட்டலசு வேலையை எங்கே செய்கிறார்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அவ்வுழைப்பின் பயனாக அவர் எழுதிய நூலின் முதற்பகுதி 1851இல் வெளிவந்தது. அதன் முன்னுரையைப் புரட்டினால், தமக்குக் கொட்டலசு கொடுத்துதவியவர்களை டார்வின் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லிக் குறித்திருப்பதைக் காணலாம்.