பிள்ளையின் வயசும் ப்ளூ ஊசியும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)

கொழுந்து நிறுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கும். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறோம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ப்ளூ காய்ச்சல் ஊசி. "அந்த ஊசியைப் போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சலே வராதாமே, உண்மையா?" என்று சில தாய்மார் எங்களிடம் கேட்கிறார்கள். வேறு சிலர், "ஊசி போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் வந்திச்சே, அப்புறம் ஏன் காசைக் கரைக்கணும்?" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பிள்ளைக்கு என்ன வயசு?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சாதாரணத் தடிமன் வேறு, ப்ளூ வேறு. தடிமனில் மூக்கு ஒழுகும், தும்மல் வரும், பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ப்ளூ திடீரென்று வரும். உடம்பு நெருப்பாகச் சுடும், கைகால் வலிக்கும், இருமல் வாட்டும், பிள்ளை சுருண்டு படுத்துவிடும். இது இன்புளுவென்சா என்ற வைரஸ் கிருமியால் வருவது. நம் நாட்டில் வருஷத்தில் இரண்டு தடவை இது கூடும். சித்திரை மாதத்தை ஒட்டி ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு தடவை, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு தடவை. ப்ளூ ஊசி இந்த ஒரு கிருமியைத்தான் தடுக்கும். மற்றத் தடிமன், இருமல், டெங்கு எதையும் தடுக்காது. ஊசி போட்ட பிள்ளைக்கு வந்த காய்ச்சல் எல்லாம் ப்ளூ என்று எண்ணக் கூடாது.

அடுத்தது கணக்கு. இந்த ஊசி 50 வீதம் பாதுகாக்கும், 60 வீதம் பாதுகாக்கும் என்று சொல்வார்கள். 50 வீதம் என்றால் ஊசி போட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும் என்று அர்த்தம் இல்லை. நம் கொழுந்துக் கணக்கு மாதிரிப் பார்ப்போம். ஊசி போடாத 100 பிள்ளைகளில் 20 பேருக்கு ப்ளூ வருது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ஊசி போட்ட 100 பிள்ளைகளில் 10 பேருக்குத்தான் வரும். வர இருந்த 20 பேரில் 10 பேர் தப்பித்தார்கள். அதுதான் 50 வீதம். முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் நம் பிள்ளை இருந்தால் அது சின்ன விஷயமா?

இனி வயசுக்கு வருவோம்.

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை: இந்த வயசுப் பிள்ளைக்கு ப்ளூ ஊசி போடுவதில்லை. ஆனால் ப்ளூ வந்தால் ஆபத்து கூடின வயசும் இதுதான். அப்படியென்றால் வழி என்ன? தாய்தான் வழி. கர்ப்பமாக இருக்கும்போது தாய்க்கு ஊசி போட்டால், தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பங்களாதேஷில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஊசி போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ப்ளூ வந்தது 63 வீதம் குறைவாக இருந்தது. அங்கேயும் நம்மைப் போல சாதாரணக் குடும்பங்கள்தான். கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. எந்த மாதத்திலும் போடலாம். ஒரே ஊசியில் இரண்டு உயிருக்குக் காவல்.

ஆறு மாதம் முதல் மூன்று வயசு வரை: இங்கே ஊசி போடலாம், ஆனால் ஒரு ஊசி போதாது. இந்தப் பிள்ளையின் உடம்பு ப்ளூ கிருமியை முன்னே பின்னே பார்த்தது இல்லை. புதுசாகப் பேர் பதிந்த பிள்ளைக்குக் கொழுந்து கிள்ளுவது ஒரே நாளில் கைவருமா? அது போலத்தான். முதல் ஊசி கிருமியை அடையாளம் காட்டும். நாலு வாரம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசிதான் பலத்தைக் கொடுக்கும். பல நாடுகளில் ஏறக்குறைய 12,000 சின்னப் பிள்ளைகளிடம் 2011 முதல் 2014 வரை செய்த ஆய்வில், இரண்டு ஊசி போட்ட இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ப்ளூவிலிருந்து சுமார் 50 வீதம் பாதுகாப்புக் கிடைத்தது. கடுமையான ப்ளூவிலிருந்து கிடைத்தது அதைவிடக் கூட, 60 வீதத்துக்கு மேல்.

மூன்று வயசு முதல் எட்டு வயசு வரை: பாதுகாப்பு இன்னும் கொஞ்சம் உயருது. பங்களாதேஷ், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் ப்ளூவிலிருந்து சுமார் 59 வீதமும், கடுமையான ப்ளூவிலிருந்து சுமார் 74 வீதமும் பாதுகாப்புக் கிடைத்தது. இந்த வயசிலும் முதல் தடவை என்றால் இரண்டு ஊசிதான்.

ஒன்பது வயசும் அதற்கு மேலும்: ஒரு ஊசி போதும். இந்தப் பிள்ளைகளுக்கு ப்ளூ வந்தாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழும்பி விடுவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருந்து கிருமியை வீட்டுக்குக் கொண்டுவருவது இவர்கள்தான். லயத்துக் காம்பராவில் ஒரே பாயில் அண்ணனும் தங்கச்சியும் படுக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அண்ணனுக்கு வந்தால் தொட்டில் பிள்ளைக்கு வர எவ்வளவு நேரம்? கனடாவில் ஹட்டரைட் என்ற மக்கள் கூட்டம் கூட்டமாக, நெருக்கமாக வாழ்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் ப்ளூ ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? ஊசி போடாத மற்றவர்களுக்கும் ப்ளூ வருவது சுமார் 61 வீதம் குறைந்தது. அதாவது, பெரிய பிள்ளைக்குப் போட்ட ஊசி தொட்டில் பிள்ளையையும் அப்பாயியையும் சேர்த்துக் காப்பாற்றியது.

இந்தக் கணக்கெல்லாம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. ப்ளூ கிருமி வருஷா வருஷம் சட்டை மாற்றிக்கொண்டு வரும். அதனால்தான் ஊசியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். ஊசி கிருமியோடு பொருந்தினால் பலன் கூடும், பொருந்தாவிட்டால் குறையும். போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷத்துக்குக் காணாது. போட்ட பிறகு பலன் வர இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஏப்ரலுக்கு முன்போ நவம்பருக்கு முன்போ போடுவதுதான் புத்தி.

இப்போது உங்கள் மனசில் இருக்கும் கேள்விக்கு வருகிறோம். காசு! ப்ளூ ஊசி, அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போடும் ஊசி அட்டவணையில் இல்லை. வெளியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நாள் சம்பளத்தில் சீவிக்கும் குடும்பம் எல்லாப் பிள்ளைக்கும் போட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். கடன் வாங்கிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காசு கொஞ்சம்தான் இருந்தால் யாரை முதலில் பார்க்கலாம்? கர்ப்பிணித் தாயை. அடுத்து, இழுப்பு, இருதய வருத்தம் போன்றவை உள்ள பிள்ளையை. இவர்களைப் பற்றி கிளினிக்கில் வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்குப் போடுவதென்றால் இரண்டு ஊசிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிய பிறகு தொடங்குங்கள். முதல் ஊசியோடு நிறுத்தினால் பலன் அரைப்பேர் போட்ட மாதிரித்தான்.

ஆனால் காசில்லாமல் கிடைப்பதை நழுவ விடலாமா? சின்னமுத்து ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் வயசுக் கணக்கு உண்டு. ரொம்பச் சீக்கிரம் போட்டால், தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாது. ரொம்பப் பிந்தினால் நோய் முந்திக்கொள்ளும். நம் நாட்டில் 2011இல் அந்த முதல் ஊசியை ஒரு வயசுக்கு மாற்றினார்கள். 2013இல் சின்னமுத்து பரவியபோது ஒரு வயசு ஆகாத குழந்தைகள் பலர் அகப்பட்டார்கள். 2015இல் மறுபடியும் 9 மாதத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆகவே 9 மாதத்தில் ஒன்று, 3 வயசில் ஒன்று. 9 மாத ஊசி 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குப் பிடிக்கும். மிச்சப் பேரையும் பிடிக்கத்தான் இரண்டாவது. "ஒன்று போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். பிரட்டுக்குப் போகணும், அன்றைக்குப் பேர் போய்விடும் என்று கிளினிக் நாளைத் தவற விட்டால், அந்த வாரமே மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லி வேறு நாள் கேளுங்கள். ஊசிக் கார்டைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நம் கையில் இருக்கும் காரியங்கள் சில உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாயை மூக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு பால் கொடுக்கலாம். காய்ச்சல் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டாம். அங்கே பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் தூங்குகிறார்கள். அடுப்புப் புகை நிற்கும் காம்பராவில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் நிறைக்கு ஏற்றபடி கேட்டுக் கொடுங்கள். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. இதை மறந்துவிடாமல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இருமல், காய்ச்சல் உள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். மணிக்கூடு இல்லாவிட்டால் போனைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயசுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயசு முதல் ஐந்து வயசுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மாட்டாமல் போனால், வலிப்பு வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். ராத்திரி என்றாலும் எங்கள் கதவைத் தட்டுங்கள். தோட்டத்து வாகனத்தைக் கேட்போம், இல்லாவிட்டால் வேறு வழி பார்ப்போம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

மலையில் மழையும் பனியும் நம் சொல் கேட்காது. ஆனால் பிள்ளையின் வயசைத் தெரிந்து, அந்த வயசுக்கு உரியதை அந்த நேரத்தில் செய்வது நம்மால் முடியும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஊசிக் கார்டை எடுத்துப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து பார்ப்போம்.