கட்டடம் சுமக்கும் முதல் பாரம்



நமது பூன் லேயில் அடுக்குமாடி வீடுகள் கான்கிரீட்டால் எழுந்தவை. அருகிலுள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ, 2023இல் திறக்கப்பட்ட 'காயா' என்னும் ஆறு மாடிக் கட்டடம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. "மரத்துல ஆறு மாடியா? நிக்குமா?" என்று கேட்பீர்கள். நிற்கும். எந்தப் பொருளுக்கும் குணமும் உண்டு, குறையும் உண்டு.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் உள்ளே கம்பி வைக்கிறோம். கம்பி கட்டுற தம்பிகளுக்கு இது நன்றாகவே தெரியும். எஃகு இரண்டையும் தாங்கும். ஆனால் 600 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கும். காப்பில்லாவிட்டால் துருவும் ஏறும். தடித்த மரம் தீயில் மேலே கருகினாலும், அந்தக் கரியே உள்மரத்தைச் சிறிது நேரம் காக்கும். ஆனால் ஈரமும் கரையானும் அதற்குப் பகை. காயாவிலும் கழிவறைகளுக்குக் கான்கிரீட்டையே வைத்தார்கள்.

இனி எடையைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ; கம்பி வைத்த கான்கிரீட் சுமார் 2,500; காயா போன்ற கட்டடங்களுக்கான ஊசியிலை மரம் சுமார் 500. பதினைந்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தில், ஒரு சதுர மீட்டரே 375 கிலோ! ஒருவரும் ஏறி நிற்காதபோதே, ஐந்தாறு பேரின் பாரம் அங்கே இருக்கிறது.

இந்தக் கணக்கை விட்டால் என்ன ஆகும்? 1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 உயிர்கள் போயின. உள்ளே இருப்பவர்களின் பாரத்தைக் கணக்கிட்ட வடிவமைப்பு, கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதன்பின் 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு பொறியாளர் போட்ட கணக்கைத் தொடர்பில்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்றது.

பெற்றோர்களே, வீட்டைப் புதுப்பிக்கையில் அனுமதியின்றிச் சுவரை உடைக்காதீர்கள். அது மேல்மாடியைச் சுமக்கும் சுவராக இருக்கலாம். தோழர்களே, தூணில் விரிசல் கண்டால் "நமக்கென்ன" என்று போகாமல் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். மாணவர்களே, புத்தகத்தோடு பையின் எடையும் சேர்ந்துதானே உங்கள் தோளில் ஏறுகிறது? கூட்டலில் ஒன்றையும் விடாதீர்கள். அந்தப் பழக்கம் நாளைக்குப் பல உயிர்களைக் காக்கும்.