கடற்காற்றும் கைத்தொழிலும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டப் படிப்பொன்றே கல்வியென மதித்துக் கைத்தொழிலை இழிவாகக் கருதுவோர் நம்மவருட் பலர். இக்கருத்துப் பிழையென்பதை இங்கிலாந்து தேசத்துக் கிரிம்ஸ்பி நகரைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அந்நகர் முன்னர் உலகப் பெரும் மீன்பிடி துறைகளுள் ஒன்றாய் விளங்கியது. 1975 இல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்தபின், அவ்வூரார் தொலைக்கடலை இழந்தனர், பலர் பிழைப்பிழந்தனர். இன்றோ அத்துறையினின்றே வடகடற் காற்றாலைகளைப் பேணுவோர் புறப்படுகின்றனர். கரையினின்று ஏறத்தாழ 89 கிலோமீட்டர் தொலைவில், 2022 இல் முற்றும் இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸீ இரண்டாம் நிலையத்தில் மட்டும் 165 காற்றாலைகள் உள.

இத்தொழிலை இளைஞர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பெரும்பாலும் மூன்றாண்டு பயில்வர். கல்லூரியில் மின்சாரமும் இயந்திரவியலும் கற்று, மூத்தோருடன் கோபுரமேறிப் பழகுவர். கட்டணமில்லை, சம்பளமும் உண்டு. உயரத்திற் பணிபுரிதல், தீயணைத்தல், கடலில் உயிர்காத்தல் முதலிய பயிற்சிகளை ஈராண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். அலையில் ஆடும் படகினின்று ஏணியிற் காலூன்றுதல் எளிதன்று; அச்சமுடையாரும் அசட்டுத் துணிவுடையாரும் இதற்காகார். இது கல்வியன்றென யார் கூற வல்லார்?

அன்பர்களே! நம் சங்க உபகாரநிதி இதுகாறும் கல்லூரி மாணாக்கர்க்கே வழங்கப்பெறுகின்றது. சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்கு உதவி வேண்டி வந்த ஏழைப் பிள்ளையொருவனை வெறுங்கையோடு அனுப்பினோம். அதற்கு உடன்பட்டாருள் யாமும் உளேம்; இன்று அதற்கு நாணுகின்றோம். இனி அந்நிதியிற் பாதியேனும் தொழில் பயில்வார்க்கு ஒதுக்குமாறு வேண்டி அமைகின்றோம்.